முப்பத்தொரு தடவை

மச்சான் உள்ளே வந்தபோது அவன் தலையை நிமிர்த்தவில்லை. செருப்புச் சத்தத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பதினொரு மாதமாக அந்தச் சத்தம் இந்தக் கடைக்குள் கேட்டதில்லை.

"என்ன மாப்பிள்ளை, கடை ஓடுதா, இல்ல நீ தள்ளிட்டுப் போறியா?"

அவன் சாலிடர் இரும்பைத் தாங்கியில் வைத்தான். மச்சான் தோளில் தொங்கிய பையை மேசைமேல் இறக்கினார். உள்ளே, துண்டில் சுற்றிய கறுப்புப் பெட்டி. கேம் கன்சோல். மூடியின் ஓரத்தில் அவனுடைய கடை ஸ்டிக்கர் பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆறியிருந்தா எழுந்திரிக்குது. சூடானா படுத்துக்குது. ஒரு மணி நேரம் ஆடிட்டு அணைச்சேன்னு வை, அப்புறம் பட்டனை என்ன அமுக்கினாலும் படம் வர மாட்டேங்குது. லைட் எரியுது, ஃபேன் சுத்துது. சும்மா சுத்துது."

"எத்தனை நாளா?"

"இப்பதான். ஒரு வாரமா."

"வேற எங்கயும் காட்டினீங்களா?"

"மூணு கடை காட்டினேன். இன்னொருத்தன் கை வெச்ச போர்டுல நாங்க கை வைக்க மாட்டோம்கிறானுங்க. என்னமோ இதய ஆபரேஷன் பண்ணச் சொன்ன மாதிரி. அதான் உன்கிட்டயே வந்தேன். வேற வழி?" மச்சான் சிரித்தார். "மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா கஸ்டமர் எப்படிடா வருவான்?"

"வெச்சிட்டுப் போங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

வாசலில் மச்சான் ஒரு நொடி நின்றார். "அம்மா உன்னைப் பத்திக் கேக்கறதே இல்ல. நானும் பேச்சை எடுக்கறதில்ல. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வராத."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

ஒரே கடையைப் பலகை வைத்துத் தடுத்து, மறுபாதியில் ஜெராக்ஸ் அக்கா இருந்தாள். பலகைக்கு மேலே அவள் தலை தெரிந்தது. "யாரு தம்பி, சொந்தமா?"

"பொண்டாட்டியோட அண்ணன்."

"அதானே பார்த்தேன். உக்காருங்கன்னுகூட நீ சொல்லல."

அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் அவனைப் பற்றி ஒரே ஒரு பேச்சுதான். காத்திருக்க வைத்தே கொன்றுவிட்டான்.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. மனைவிக்கு மத்தியானத்திலிருந்து வயிற்று வலி. நான்கு மணிக்கு மேல் அவளால் நிமிர முடியவில்லை. கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. கரு இருப்பதே இருவருக்கும் தெரியாது. மச்சானிடம் கார் இருந்தது, வீடும் பக்கம். நான்கு பதினாறுக்கு அவன் போன் செய்தான். "பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன் மாப்பிள்ளை," என்றார் மச்சான். அதற்குப் பிறகு பதினான்கு தடவை அழைத்தான். எடுக்கவில்லை. நான்கு ஐம்பத்தேழுக்கு டாக்ஸியில் ஏற்றினான். ஐந்து நாற்பதுக்கு டாக்டர் வெளியே வந்து, "அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறு மணிக்கு மச்சான் வந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பத்துப் பேர் பார்க்க, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நாப்பது நிமிஷம் என்னடா பண்ணிட்டிருந்த? நான் டிராஃபிக்ல மாட்டிட்டேன், உனக்குக் கை கால் இல்லையா?"

பின்னாலேயே நின்றிருந்த மாமியார் அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

டிராஃபிக் என்பதை அவன் நம்பினானா? நம்பவில்லை. மறுத்துப் பேசக் கையில் ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கறுவிக்கொண்டே பதினொரு மாதத்தை ஓட்டினான். சாப்பிட்டான், கடை திறந்தான், மூடினான். அந்தக் கறுவல் ஒன்றுதான் அவனுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஆளின் உயிர் போன்ற பெட்டி அவன் மேசைமேல். முதலில் அவனுக்குத் தோன்றியது சின்னப் புத்திதான். உதிரி பாகம் வரவில்லை, வந்தது சரியில்லை என்று ஆறு மாதம் இழுத்தடிக்கலாம். மச்சான் நடையாய் நடக்கட்டும்.

ஆனாலும் மூடியைக் கழற்றினான். கை பழக்கம்.

கல்யாணமான புதிதில், மைத்துனர் மனம் குளிரட்டும் என்று அவனே மாற்றியமைத்துக் கொடுத்த கன்சோல் அது. வேலை இதுதான்: காசு கொடுத்து வாங்காத கேம்களும் ஓடுவதற்காக, தயாரித்தவர்கள் போட்ட பூட்டை ஏமாற்ற வேண்டும். அதற்கு, நகத்தளவு சில்லு ஒன்றைப் போர்டில் பொருத்தி, மயிரிழை போன்ற ஒயரால் பிராசஸரோடு இணைக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் பிராசஸர் பூட்டைச் சரிபார்க்கும். சரியாக அந்தக் கணத்தில் சில்லு அதை ஒரு தட்டுத் தட்டும். கணம் பொருந்தினால் கன்சோல் எழும். இம்மி முன்பின் ஆனாலும் எழாது. சூடு ஏறினால் அந்தக் கணம் நகரும்.

தூசியை ஊதினான். காய்ந்து மண்ணாகிப் போயிருந்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, மறுபடி போட்டான். எழுந்தது. பதினைந்து தடவை போட்டான். பதினைந்து தடவையும் சமர்த்தாக எழுந்தது.

எத்தனை டிகிரியில் படுக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடியும். அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது.

வாடிக்கையாளர்கள் பொய் சொல்வார்கள். கழற்றவே இல்லை என்பார்கள். திருகாணி ஒன்று குறையும். தண்ணீர் படவே இல்லை என்பார்கள்; உள்ளே துரு இருக்கும். அதனால் தான் மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு கன்சோலுக்குள்ளும் பட்டன் பேட்டரி போட்ட சின்னப் பதிவுச் சில்லு ஒன்றை அவன் வைத்துவிடுவான். எப்போது பட்டனை அழுத்தினார்கள், அப்போது உள்ளே என்ன சூடு, எழுந்ததா இல்லையா, எப்போது அணைத்தார்கள் என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். "வேவு பாக்கற புருஷன்," என்று சிரிப்பாள்.

கணினியோடு இணைத்தான். வரிசை வரிசையாக இறங்கியது. ஒரு வாரமாம். ஒன்றரை வருடமாகவே அது சூட்டில் படுத்துக்கொண்டிருந்தது. அறுபது டிகிரிக்கு மேல் போனால் எழவில்லை. வேலைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அத்தோடு மூடியிருக்கலாம்.

அவன் விரல் தேதிகளின் மேல் பின்னோக்கிப் போனது. அந்தச் சனிக்கிழமையில் நின்றது.

14.05, 31 டிகிரி, ஆன்.
16.11, அணைப்பு.
16.19, 74 டிகிரி, இல்லை.
16.20, 74 டிகிரி, இல்லை.
16.20, 74 டிகிரி, இல்லை.

இல்லை, இல்லை என்று ஒரு பக்கம் முழுக்க. எண்ணினான். முப்பத்தொன்று. கடைசியில் இரண்டு வரி.

16.58, 57 டிகிரி, ஆன்.
17.21, அணைப்பு.

சில்லின் கடிகாரம் சரியா என்று இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டான். ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தது. ஒரு நிமிடம் எதையும் மாற்றாது. மச்சானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனி வீடு. அந்தப் பெட்டியை வேறு யார் தொட்டாலும் கையை உடைப்பார்.

டிராஃபிக் இல்லை. சோபா. போன் ஒரு பக்கம் அலற, விரல் பட்டனில்.

அவன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். பதினொரு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

அச்சடிக்கப் பக்கத்தை அனுப்பிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனான். ஜெராக்ஸ் அக்கா தாளை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, பஸ் டைம் டேபிளா?"

"அப்படித்தான்."

"ஒரு பஸ்ஸும் வந்த மாதிரித் தெரியலையே. எல்லாத்துக்கும் நேரா 'இல்லை'ன்னு போட்டிருக்கு."

"கடைசியில ஒண்ணு வந்துச்சுக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை காப்பி?"

"ரெண்டு."

மறுநாள் மிச்ச வேலையைப் பார்த்தான். மூடியைப் பூட்டி ஐம்பது நிமிடம் ஓடவிட்டு அணைத்துப் போட்டான். எழவில்லை. மூடியைத் திறந்தான். கொஞ்சம் ஆறியது, எழுந்தது. ஆக, மூடினால்தான் நோய். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையரை எடுத்து, ஒவ்வோர் இடமாகச் சூடு காட்டினான். மெமரிமேல் காட்டினான், எழுந்தது. சில்லின்மேல் காட்டினான், எழுந்தது. பிராசஸருக்குப் பக்கத்தில் இருந்த செம்புச் சுருள்மேல் காட்டினான். படுத்துவிட்டது.

குனிந்து பார்த்தான். மயிரிழை ஒயர் நேராக அந்தச் சுருளின் தலைமேல் ஏறிப் போயிருந்தது. போர்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அது. சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான்கு விரல் நீளம் மிச்சம் பிடிக்கக் குறுக்கே போட்டிருந்தது. போட்ட கை அவனுடையது.

அன்றைக்குச் சோதித்தது நினைவிருந்தது. பத்துத் தடவை போட்டுப் பார்த்தான், பத்தும் எழுந்தது, மூடித் திருகாணி போட்டுக் கொடுத்தனுப்பினான். திறந்து வைத்தே சோதிப்பது ரிப்பேர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி. திறந்து கிடக்கும்போது எதுவும் சூடாகாது.

கத்திரியை எடுத்தான். பழைய ஒயரை நீக்கி, போர்டின் அடிப்பக்கமாகச் சுற்றிப் போட இருபது நிமிடம் போதும். அப்புறம் ஒரு பயலுக்கும் தெரியாது. தாளில் இருப்பது மச்சானின் விரல் மட்டும்தான்.

கத்திரியைக் கீழே வைத்தான். ஒயரை மாற்றினால் பெட்டி எழுந்துவிடும். அது எழக் கூடாது. அந்த முப்பத்தொன்றை மச்சான் தன் விரலாலேயே அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு ஒயர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இருந்தால் அது யார் போட்ட ஒயர் என்ற கேள்வியும் கூடவே இருக்கும்.

இருக்கட்டும் என்று மூடியைப் பூட்டினான்.

சனிக்கிழமை மச்சானை வரச் சொன்னான். இரண்டு மணிக்கே கன்சோலைப் போட்டு ஓடவிட்டான். நான்கேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அணைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, பொழைச்சுதா?"

"நீங்களே பாருங்க மச்சான்." நாற்காலியை இழுத்துப் போட்டான். "அமுக்குங்க."

மச்சான் அமுக்கினார். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"இன்னொரு தடவை."

இல்லை.

"இன்னொரு தடவை."

"இதைத்தானேடா நான் வீட்டுலயே பண்ணிட்டிருந்தேன்."

"அமுக்குங்க மச்சான். ஒரு கணக்கு இருக்கு."

பத்தாவது தடவை மச்சான் விரலை உதறினார். "ரேகை தேஞ்சிடும் போல." அவன் சிரிக்கவில்லை. பதினெட்டாவது தடவை, "என்னடா, என்னை வெச்சு வேடிக்கை காட்றியா?" என்றார். "இன்னும் பதிமூணு," என்றான் அவன். ஜெராக்ஸ் அக்காவின் இயந்திரம் நின்றுவிட்டது. அவள் தாளை அடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். இருபத்தைந்தில் மச்சானின் காது மடல் சிவந்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் பட்டனை அழுத்தத் தொடங்கியவருக்கு இந்தத் தடவை எழுந்துவிடும் என்ற நப்பாசை விடாது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தொண்ணு. போதும்." தாளை மேசைமேல் வைத்தான். "அன்னிக்கும் இவ்வளவுதான் அமுக்கினீங்க."

மச்சான் தேதியைப் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இது என்னது?"

"உள்ள ஒரு சில்லு இருக்கு. எழுதி வெச்சுக்கும்."

"எவனுக்கும் சொல்லாம உள்ள வெச்சியா? திருட்டுத்தனமா?"

"ஆமா."

மச்சான் வாசலைப் பார்த்தார், பலகைத் தடுப்பைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வயித்து வலின்னுதானேடா சொன்ன. அவ சின்னப் பிள்ளையிலேர்ந்து வயித்து வலின்னு படுக்கிறவ. நாலரைக்கு எங்க பசங்களோட ஆன்லைன்ல ஃபைனல். அஞ்சு மணிக்குள்ள நான் வரலைன்னா நாலு பேரும் அவுட். ஒரு தடவை ஆன் ஆனா போதும், பத்து நிமிஷ ஆட்டம், முடிச்சிட்டு ஓடி வந்துடலாம்னு... இப்ப ஆயிடும், இப்ப ஆயிடும்னு..."

"போன்?"

"நீ டாக்ஸி பிடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கு என் சட்டையப் பிடிச்சீங்க?"

மச்சான் தாளைத் தள்ளி வைத்தார். கடைசியில் அவர் கண் கன்சோலின்மேல் விழுந்தது. ஸ்டிக்கர்மேல். மூழ்குகிறவன் கையில் கட்டை கிடைத்ததுபோல் நிமிர்ந்தார்.

"இரு, இரு. மெஷின் யாரு பண்ணது? நீதானே? ஏன் சூடானா எழலை? சொல்லு, டெக்னீஷியன்!"

"ஒயரைக் கொதிக்கற சுருள் மேல போட்டிருக்கேன். மூடி போட்டு ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணல. என் தப்பு."

"பார்த்தியா? உன் ஒயர் ஒழுங்கா இருந்திருந்தா நாலே முக்காலுக்குள்ள நான் வந்திருப்பேன். என் தங்கச்சி செத்தது உன்னாலதான். இதை நான் அம்மாகிட்டச் சொல்றேனா இல்லையா பாரு."

"சொல்லுங்க. அதுக்குத்தான் ஒயரை மாத்தாம வெச்சிருக்கேன்." அவன் பிளக்கைப் பிடுங்கி, சூடாக இருந்த பெட்டியைத் துண்டில் சுற்றினான். "இப்பவே போவோம். கார் இருக்குல்ல?"

மச்சான் பின்வாங்கியிருப்பார். ஆனால் கையில் ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டது என்ற வேகத்தில் இருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"தம்பி, கடையை நான் பார்த்துக்கறேன்," என்றாள் ஜெராக்ஸ் அக்கா. அவள் மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியார் சாப்பாட்டு மேசையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகனுக்குப் பின்னால் மருமகனைக் கண்டதும் கையில் இருந்த போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அவன் துணிகளை ஒதுக்கி, பெட்டியை வைத்தான். பக்கத்தில் தாளை வைத்தான்.

"நீங்க சொல்லுங்க மச்சான்."

மச்சான் ஒயரிலிருந்து ஆரம்பித்தார். சுருள், சூடு, மூடி, டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் மாமியார் மருமகனைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன், "ஆமா அத்தை," என்றான். மச்சானுக்கு அது எதிர்பாராதது. சண்டை போட ஆள் இல்லாமல் பேச்சு தானாகவே அடுத்த இடத்துக்கு உருண்டது. அந்த மெஷின் அன்றைக்கு எழாததால்தான் தாமதம் என்று சொல்லி முடித்துவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"டிராஃபிக்குன்ன," என்றாள் மாமியார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. முப்பத்தொரு வரிக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசி இரண்டு வரியில் விரல் நின்றது.

"அப்புறம் ஓடிச்சா?"

"ம்."

"ஆடினியா?"

மச்சான் சாவிக் கொத்தைக் கையில் திருகினார்.

"ஜெயிச்சியா?"

"அம்மா..."

"கேக்கறேன்ல. ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அழவில்லை. மருமகன் பக்கம் திரும்பினாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவனோடு பேசினாள்.

"அந்த நேரத்துல அவ என்ன சொன்னா மாப்பிள்ளை?"

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தாளில் இது இல்லை. எந்தச் சில்லும் இதைக் குறித்து வைக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால், வந்த காரியம் சுத்தமாக முடிந்திருக்கும்.

"டாக்ஸி கூப்பிடச் சொன்னா."

"எப்ப?"

"நாலு இருபதுக்கே. அப்புறமும் ரெண்டு தடவை சொன்னா."

"நீங்க?"

"உங்கண்ணன் கிளம்பிட்டார், இதோ வந்துடுவார்னேன்."

மச்சான் சட்டென்று தலையைத் தூக்கினார். மாமியார் கையை உயர்த்தியதும் அடங்கிப் போனார். அவள் பாதியில் விட்ட போர்வையை எடுத்து, நான்காக மடித்து, அடுக்கின்மேல் வைத்து, ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு மகனிடம் கையை நீட்டினாள்.

"இந்த வீட்டுச் சாவியைக் குடு."

"அம்மா, நான் என்ன வேணும்னா..."

"குடு."

மச்சான் கொத்திலிருந்து சாவியைப் பிரிக்கப் பார்த்தார். வளையம் திறக்க மறுத்தது. நகம் பிளந்தது. இரண்டு பேரும் அவர் அதைச் செய்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி மேசைக்கு வந்தது.

"உங்ககிட்ட சாவி இல்ல," என்றாள் மருமகனிடம். "நீங்க சும்மா போங்க."

அவன் பெட்டியை எடுக்கக் கை நீட்டினான்.

"அது இங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மச்சான் காரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடியதுபோல் இருந்தார். அவன் பார்க்க நினைத்த முகம் அதுதான். ஆற அமரப் பார்த்தான்.

"நீயும்தானே வெளியே நிக்கிற," என்றார் மச்சான். "இதுக்கா இவ்வளவும்? இப்ப திருப்தியா உனக்கு?"

அவன் யோசித்துப் பார்த்தான். கேட்டவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஆமா மச்சான்," என்றான். மரியாதையாகவே சொன்னான்.